எந்தப் பைத்தானுக்குள்?

“சார், நம்பை இன்ஸ்டால் பண்ணிட்டேன். ‘சக்ஸஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டு’ன்னுதான் வந்தது. ஆனா ஸ்கிரிப்டை ஓட்டினா, அப்படி ஒரு மாட்யூலே இல்லைங்குது.”

விண்டோஸ் கணினியில் அறிவியல் கணக்குப் போட உட்காரும் மாணவர்கள் பலரும் இந்தப் புகாரோடுதான் வருகிறார்கள். கூடவே, தாங்கள் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்ற தயக்கமும் வருகிறது. அந்தத் தயக்கத்தை முதலில் விடுங்கள். டீ சொல்லியிருக்கிறேன், பொறுமையாகப் பார்ப்போம். கணினி சொன்ன இரண்டுமே உண்மைதான். நம்பை ஏறியதும் உண்மை, இல்லை என்பதும் உண்மை. அது ஏறியது ஒரு பைத்தானுக்குள். ஸ்கிரிப்டை ஓட்டியது இன்னொரு பைத்தான். இது விளங்கிவிட்டால் மாட்யூல் நிறுவுவதில் வரும் தொல்லைகளில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கும் காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கட்டளைகளை வாயால் சொல்வதுபோலவே எழுதுகிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்கட்டும்.

மாட்யூல் எதற்கு?

பைத்தான் 1991-இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய கைடோ வான் ரோசம் அப்போது ஆம்ஸ்டர்டாமில் ஒரு கணித, கணினி ஆய்வு மையத்தில் பணியில் இருந்தார். எழுத எளிதாக இருக்க வேண்டும், பிறர் எழுதியதைப் படித்தால் புரிய வேண்டும் என்பதுதான் அந்த மொழியின் குணம். கோடிக்கணக்கான எண்களை வேகமாகக் கூட்டிக் கழிப்பதற்காக அது பிறக்கவில்லை.

அறிவியலுக்கோ அந்த வேகம் வேண்டும். அதைத் தருபவை பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளான மாட்யூல்கள்; அவற்றில் ஒன்று நம்பை. மழையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய வானிலைத் துறை 1901 முதலான தினசரி மழையளவைக் கால் பாகைக் கட்டங்களாகப் பிரித்துத் தருகிறது. கிழக்கு மேற்காக 135 புள்ளிகள், தெற்கு வடக்காக 129 புள்ளிகள். பெருக்கினால் ஒரு நாளைக்கு 17,415 இடங்கள். ஓர் ஆண்டுக்கு 63 லட்சத்தைத் தாண்டும். நூறாண்டுக்கு 63 கோடி. கடலில் விழும் புள்ளிகளுக்கு மழையளவு கிடையாது என்றாலும் கோப்பில் அவற்றுக்கும் இடம் உண்டு. இவ்வளவையும் வெறும் பைத்தான் சுழற்சியில் ஓட்டினால் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனிப் பொருளாக எடுத்து, என்ன வகை என்று பார்த்து, கூட்டி, திரும்ப வைக்கும். நேரம் போய்க்கொண்டே இருக்கும். நம்பை அந்த எண்களை நினைவகத்தில் அடுத்தடுத்து ஒரே வகையாக அடுக்கி, கூட்டும் வேலையை சி மொழியில் எழுதிய நிரலிடம் ஒப்படைத்துவிடும். நீங்கள் எழுதுவது ஒரு வரி பைத்தான். உள்ளே ஓடுவது சி.

இப்படிப்பட்ட மாட்யூல்களை உருவாக்கியவர்களில் பலர் தங்கள் ஆய்வுக்காகவே தொடங்கியவர்கள். 1990-களின் நடுவில் ஜிம் ஹ்யூகுனின் எழுதிய ‘நியூமெரிக்’கையும், பின்னால் வந்த ‘நம்அரே’யையும் ஒன்றாக்கி, 2006-இல் நம்பையின் முதல் முழுப் பதிப்பைக் கொண்டுவந்தார் டிராவிஸ் ஒலிஃபான்ட். வரைபடம் போடும் மேட்பிளாட்லிப்பை எழுதிய ஜான் ஹன்டர் ஒரு நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் பார்ப்பதற்காக ஆரம்பித்த வேலை அது. 2019-இல் உலகமே பார்த்த கருந்துளைப் படத்தைத் தயாரித்ததில் நம்பை, அறிவியல் கணக்குகளுக்கான சைபை, மேட்பிளாட்லிப் மூன்றுக்கும் பங்குண்டு. அதே மூன்றும் உங்கள் மடிக்கணினியில் பைசா செலவில்லாமல் வந்து இறங்குகின்றன. அப்படி இறங்குவதில் இவ்வளவு சிக்கல் ஏன்?

துணியும் ரெடிமேட் சட்டையும்

முழுக்கப் பைத்தானில் எழுதிய மாட்யூல் என்றால் கோப்பை நகலெடுத்து வைத்தாலே போதும், வேலை செய்யும். நம்பை அப்படியல்ல, உள்ளே சி இருக்கிறது. சைபைக்குள் சி-யோடு ஃபோர்ட்ரானும் இருக்கிறது. நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் ‘லாபேக்’ நூலகம் 1992-இல் ஃபோர்ட்ரானில் வந்தது. இன்றும் அறிவியல் கணக்குகளின் அடியில் அதன் வழிமுறைகள்தான் ஓடுகின்றன. இந்த மொழிகளில் எழுதியதை உங்கள் செயலிக்கும் உங்கள் விண்டோஸுக்கும் ஏற்ற இயந்திர மொழியாக மாற்றியாக வேண்டும். அதைச் செய்வது கம்பைலர். லினக்ஸில் கம்பைலர் ஏற்கெனவே இருக்கும், இல்லாவிட்டாலும் ஒரு கட்டளையில் வந்துவிடும். விண்டோஸ் கணினியை வாங்கும்போது அதில் கம்பைலர் வருவதில்லை. அறிவியல் மாட்யூல்கள் விண்டோஸில் மட்டும் முரண்டு பிடிப்பதற்கு மூலகாரணம் இதுதான்.

பைத்தான் மாட்யூல்களின் பொதுக் களஞ்சியத்துக்கு ‘பைபிஐ’ என்று பெயர். அங்கிருந்து எடுத்துவந்து நிறுவும் கருவி ‘பிப்’. களஞ்சியத்தில் ஒரு மாட்யூல் இரண்டு வடிவங்களில் இருக்கலாம். ஒன்று மூல நிரல். இன்னொன்று முன்கூட்டியே கம்பைல் செய்து வைத்த ‘வீல்’. மூல நிரல் என்பது துணி எடுத்துக் கொடுப்பது போல; தைக்க உங்களிடம் மெஷின் இருக்க வேண்டும். வீல் என்பது ரெடிமேட் சட்டை. எடுத்தோம், போட்டோம் என்று முடியும், ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். பிப் முதலில் உங்கள் அளவுக்குச் சட்டை இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் துணியை எடுத்துவந்து உங்கள் கணினியிலேயே தைக்கப் பார்க்கும். அங்கே மெஷின் கிடையாது. அப்போதுதான் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து ஓடி, கடைசியில் ‘மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 அல்லது அதற்கு மேல் தேவை’ என்று நிற்கும்.

இதைப் பார்த்ததும் பலரும் அந்தக் கம்பைலரைத் தேடிப் பிடித்து, ஜிபி கணக்கில் டேட்டாவைச் செலவழித்து இறக்கத் தொடங்கிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் அளவுக்கு வீல் இல்லை என்பதைத்தான் அந்தச் செய்தி வேறு வார்த்தையில் சொல்கிறது. ஏன் இல்லை என்று பார்ப்பது முதல் வேலை.

அளவு, கோப்பின் பெயரிலேயே எழுதியிருக்கும். ஒரு வீல் கோப்பின் பெயரை எடுத்துக்கொள்வோம்: நம்பை, 2.1.0, சிபி312, சிபி312, வின் ஏஎம்டி64. முதலில் மாட்யூலின் பெயர், அடுத்தது அதன் பதிப்பு. ‘சிபி312’ என்றால் பைத்தான் 3.12-க்கு உரியது, 3.11-லும் போகாது, 3.13-லும் போகாது. இரண்டாவது ‘சிபி312’ அதே பைத்தானின் உள்ளமைப்பைக் குறிக்கிறது. ‘வின்’ என்பது விண்டோஸ். ‘ஏஎம்டி64’ என்பதைப் பார்த்து, நம்முடையது இன்டெல் ஆயிற்றே என்று பயப்பட வேண்டாம். இந்த 64-பிட் அமைப்பை முதலில் கொண்டுவந்தது ஏஎம்டி என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்டெல் 64-பிட் கணினிக்கும் இதே கோப்புதான்.

வீல் கிடைக்காமல் போவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. முதலாவது, உங்கள் பைத்தான் மிகவும் புதிது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் பைத்தானின் புதுப் பதிப்பு வருகிறது. நம்பை போன்ற பெரிய மாட்யூல்கள் உடனே வீல் போட்டுவிடும். ஓரிரு தன்னார்வலர்கள் பராமரிக்கும் சிறிய மாட்யூல்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் அறிவியல் வேலைக்கு எப்போதும் புதியதற்கு ஒரு பதிப்பு முந்தையதை எடுங்கள். இரண்டாவது, தெரியாமல் 32-பிட் பைத்தானை நிறுவியிருப்பது. பல மாட்யூல்கள் 32-பிட்டுக்கு வீல் போடுவதை நிறுத்திவிட்டன. மூன்றாவது, விண்டோஸ் பழையது. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8, பைத்தான் 3.13-க்கு விண்டோஸ் 10-ஆவது வேண்டும். இந்த மூன்றையும் பார்த்துவிட்டு அதன் பிறகும் வேண்டுமென்றால் கம்பைலரைத் தேடலாம். பெரும்பாலும் தேவைப்படாது. பிப் கட்டளையோடு ‘ஒன்லி பைனரி ஆல்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால், வீல் இல்லாதபோது துணியைத் தைக்கப் போகாமல் இல்லை என்று நேராகச் சொல்லிவிடும். குழப்பமும் மிச்சம், டேட்டாவும் மிச்சம்.

இந்த வசதி தொடக்கத்திலிருந்தே இருக்கவில்லை. வீல் வடிவத்தை டேனியல் ஹோல்த் முன்மொழிந்தது 2012-இல். சைபைக்கு அதிகாரபூர்வமான விண்டோஸ் வீல் வந்தது 2017 அக்டோபரில், அதன் 1.0 பதிப்போடுதான். ஃபோர்ட்ரானை விண்டோஸில் ஒழுங்காகக் கம்பைல் செய்வது அவ்வளவு கடினமாக இருந்தது. அதுவரை உலகம் முழுவதும் விண்டோஸில் வேலை செய்த ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கோல்க்கே. ஒளிர்வு இயக்கவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, நூற்றுக்கணக்கான மாட்யூல்களைக் கம்பைல் செய்து இலவசமாகக் கொடுத்துவந்தார். 2022-இல் அந்த ஆய்வகத்துக்கான நிதி நின்றபோது அந்தச் சேவையும் நின்றது. பழைய பாடக்குறிப்புகளில் அந்தப் பக்கத்துக்குப் போகச் சொல்லியிருப்பார்கள். இப்போது அங்கே போகத் தேவையில்லை. ஆனால் எத்தனையோ ஆய்வேடுகள் முடிந்ததில் அவருடைய உழைப்பு இருக்கிறது. அதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஒரே கணினியில் பல பைத்தான்கள்

இப்போது முதல் புகாருக்கு வருவோம். உங்கள் கணினியில் எத்தனை பைத்தான் இருக்கிறது என்று தெரியுமா? அதிகாரபூர்வத் தளத்திலிருந்து நீங்களே நிறுவியது ஒன்று. யாரோ சொன்னார்கள் என்று போட்ட, பைத்தானையும் அறிவியல் மாட்யூல்களையும் ஒன்றாகத் தரும் அனகோண்டா தொகுப்புக்குள் ஒன்று. நிலவரைபட வேலைக்கு க்யூஜிஐஎஸ் நிறுவியிருந்தால் அது தனக்கென ஒரு பைத்தானைக் கூடவே கொண்டுவந்திருக்கும். இவை போக விண்டோஸ் 10-இல் 2019 முதல் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. பைத்தானே நிறுவாத கணினியில் ‘பைத்தான்’ என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். அங்கே ‘கெட்’ பொத்தானை அழுத்தியிருந்தால் அது இன்னொரு பைத்தான்.

ஒவ்வொன்றுக்கும் தனியாக ‘சைட் பேக்கேஜஸ்’ என்ற கோப்புறை உண்டு. ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. வெறுமனே ‘பிப்’ என்று தட்டினால், விண்டோஸ் தன் ‘பாத்’ பட்டியலில் மேலிருந்து தேடி, முதலில் அகப்பட்ட பிப்பை ஓட்டும். அது எந்தப் பைத்தானின் பிப் என்று நமக்குக் காட்டாது. நம்பை அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘பை -0பி’ என்று தட்டிப் பாருங்கள். இந்தப் ‘பை’ என்பது பி, ஒய் என்ற இரண்டே எழுத்து. விண்டோஸ் பைத்தானோடு வரும் ஏவி அது. ஏவிக்குத் தெரிந்த பைத்தான்கள் எல்லாம் எந்தக் கோப்புறையில் இருக்கின்றன என்று வரிசையாகக் காட்டும். அனகோண்டா, க்யூஜிஐஎஸ் ஆகியவற்றினுடையது அந்தப் பட்டியலில் வராமல் போகலாம். அதற்கு ‘வேர் பைத்தான்’ என்று இன்னொரு கட்டளை உண்டு. அது பாத் பட்டியலில் உள்ளவற்றைக் காட்டும். இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டால், எதில் என்ன ஏறியிருக்கிறது என்ற குழப்பம் பெருமளவு தெளிந்துவிடும்.

ஸ்கிரிப்டை எந்தப் பைத்தான் ஓட்டுகிறது என்பதை ஸ்கிரிப்டிடமே கேட்கலாம். முதல் வரியில் ‘சிஸ்’ மாட்யூலை இம்போர்ட் செய்து, இரண்டாவது வரியில் ‘சிஸ் டாட் எக்ஸிக்யூட்டபிள்’ என்பதைப் பிரின்ட் செய்யுங்கள். ஓடும் பைத்தானின் முழு முகவரி வந்துவிடும். மாட்யூல் இல்லை என்று யார் வந்து சொன்னாலும் இந்த இரண்டு வரியைத்தான் முதலில் எழுதச் சொல்வேன்.

இனி ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பிப்பைத் தனியாகக் கூப்பிடாதீர்கள். ‘பை -3.12 -எம் பிப் இன்ஸ்டால் நம்பை’ என்று கூப்பிடுங்கள். 3.12 என்ற பைத்தானை ஓட்டு, அதற்குள் இருக்கும் பிப்பைக் கொண்டு நம்பையை நிறுவு என்று அதற்குப் பொருள். எந்தப் பைத்தானுக்குள் போகிறது என்பதைக் கட்டளையிலேயே நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள். ஜூபிட்டர் நோட்புக்கில் வேலை செய்பவர்கள் சதவீதக் குறி போட்டுப் ‘பிப் இன்ஸ்டால்’ என்று எழுதினால், அந்த நோட்புக் ஓடும் பைத்தானுக்குள்ளேயே போகும். விஎஸ் கோடு பயன்படுத்தினால் பைத்தான் கோப்பைத் திறந்ததும் அடியில் வலப்பக்கம் பதிப்பு எண் தெரியும். அதைச் சொடுக்கி வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆய்வுக்கு ஒரு சூழல்

எந்தப் பைத்தான் என்று தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி, எல்லா மாட்யூலையும் அந்த ஒன்றுக்குள்ளேயே கொட்டலாமா? கூடாது. காரணம் சொல்கிறேன்.

2019-இல் ஒருவர் எழுதிய ஸ்கிரிப்ட் உங்களுக்குக் கிடைக்கிறது. அதில் ‘என்பி டாட் ஃப்ளோட்’ என்று எழுதியிருக்கிறார். அந்தப் பெயரை நம்பை 1.24 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். இன்றைய நம்பையில் ஓட்டினால் அப்படி ஒன்று இல்லை என்று நின்றுவிடும். அதற்காக நம்பையைப் பழைய பதிப்புக்குக் கொண்டுபோனால் உங்கள் சொந்த ஸ்கிரிப்ட் நின்றுவிடும். 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது இன்னும் பெரிய மாற்றம் நடந்தது. நம்பை 1-ஐ வைத்துக் கம்பைல் செய்த மாட்யூல்கள் பல புதியதோடு சேர்ந்து ஓடவில்லை. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது.

இதற்குத் தீர்வு ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு தனிச் சூழல். பைத்தான் 3.3 முதல் இந்த வசதி மொழியோடு சேர்ந்தே வருகிறது. தனியாக எதையும் இறக்க வேண்டாம். செய்து பார்ப்போம். சி டிரைவிலோ டி டிரைவிலோ நேராக ‘மழை’ என்ற பொருளில் ஆங்கில எழுத்தில் ஒரு சிறிய பெயரோடு கோப்புறை உருவாக்குங்கள். கட்டளைச் சாளரத்தில் அதற்குள் போய் ‘பை -3.12 -எம் வென்வ் சூழல்’ என்று கொடுங்கள். ‘சூழல்’ என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் உங்களுக்குப் பிடித்த பெயர். சில விநாடிகளில் அந்தப் பெயரில் ஒரு கோப்புறை உருவாகும். அதற்குள் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ என்று ஒன்று; அதற்குள் ‘ஆக்டிவேட்’ என்று ஒன்று. அதை ஓட்டினால் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சூழலின் பெயர் தோன்றும். அது தெரிகிற வரை, ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்’ என்று நீங்கள் நிறுவுவது எல்லாம் இந்தக் கோப்புறைக்குள் மட்டும் போகும். இங்கே ‘பை -3.12’ என்று கூப்பிடாதீர்கள், அது சூழலுக்கு வெளியே உள்ள பைத்தானுக்குப் போய்விடும். ஏதாவது கெட்டுவிட்டால் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி உருவாக்கலாம். கணினியில் வேறு எதுவும் பாதிக்காது.

பவர்ஷெல்லில் ஆக்டிவேட் ஓட்டும்போது, ‘இந்தக் கணினியில் ஸ்கிரிப்ட் ஓட்டத் தடை இருக்கிறது’ என்று வரலாம். அது பாதுகாப்புக்காக விண்டோஸ் வைத்திருக்கும் இயல்பான அமைப்பு, உங்கள் பிழை அல்ல. சாதாரணக் கட்டளைச் சாளரமான சிஎம்டியில் ஓட்டுங்கள், தடை இருக்காது.

கோப்புறையை ஏன் டிரைவில் நேராக வைக்கச் சொன்னேன் என்று கேட்கலாம். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் பல கணினிகளில் ஒன்டிரைவோடு இணைந்திருக்கும். ஒரு சூழலுக்குள் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருக்கும். அத்தனையையும் ஒன்டிரைவ் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும், நிறுவும்போது குறுக்கிடவும் செய்யும். இன்னொன்று, விண்டோஸில் ஒரு கோப்பின் முழு முகவரி 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற பழைய வரம்பு இன்னும் இயல்பாக இருக்கிறது. கோப்புறைக்குள் கோப்புறையாகப் போனால் அந்த வரம்பு சீக்கிரம் வந்துவிடும்.

கடைசி வரியை முதலில் படியுங்கள்

பிழைச் செய்தியில் நாற்பது வரி வந்தாலும் கீழே இருந்து படியுங்கள். என்ன நடந்தது என்பது பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கும். மேலே இருப்பது அங்கே வந்து சேர்ந்த வழி.

‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்றால் இந்தப் பைத்தானுக்குள் அது இல்லை என்று பொருள். ஆனால் பெயரையும் பாருங்கள். நிறுவும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் வேறாக இருக்கலாம். சைகிட்-லேர்ன் என்று நிறுவினால் எஸ்கேலேர்ன் என்று கூப்பிட வேண்டும். ஓபன்சிவி-பைத்தான் என்று நிறுவியதற்கு உள்ளே பெயர் சிவி2. பயோபைத்தானுக்கு வெறும் பயோ; இதில் மட்டும் முதல் எழுத்து பெரிய எழுத்து. தெரியாவிட்டால் அந்த மாட்யூலின் சொந்த ஆவணத்தில் பார்த்துப் போடுங்கள், ஊகித்துத் தட்டாதீர்கள். பிரபலமான பெயரில் ஓரெழுத்தை மாற்றி, கெடுதல் செய்யும் நிரலைக் களஞ்சியத்தில் ஏற்றிவைப்பவர்கள் இருக்கிறார்கள்.

‘டிஎல்எல் லோட் ஃபெயில்டு’ என்றால் மாட்யூல் இருக்கிறது, அதற்குத் துணையாக வேண்டிய விண்டோஸ் கோப்பு ஒன்று இல்லை. பல நேரம் மைக்ரோசாஃப்ட்டின் ‘விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ என்ற சிறிய தொகுப்பை நிறுவினால் சரியாகிவிடும். இது கம்பைலர் அல்ல, அளவும் சிறியது.

நம்பை இருக்கிறது, ஆனால் அதற்குள் ‘அரே’ இல்லை என்று விநோதமாக ஒரு செய்தி வந்தால் உங்கள் ஸ்கிரிப்டின் பெயரைப் பாருங்கள். அதற்கே ‘நம்பை’ என்று பெயர் வைத்துச் சேமித்திருப்பீர்கள். பைத்தான் முதலில் தேடுவது ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறையில். அது உங்கள் கோப்பையே நம்பை என்று எடுத்துக்கொள்ளும். பெயரை மாற்றினால் போதும்.

தமிழில் இருக்கும் தரவு

நம் மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு சங்கதி. மாவட்டப் பெயர்கள் தமிழில் உள்ள கோப்பை ஸ்கிரிப்டில் திறந்தால், ‘சார்மேப்’ என்று தொடங்கும் ஒரு பிழை வந்து நிற்கும். மாட்யூல் சரியாக ஏறவில்லையோ என்று நினைத்து மறுபடி மறுபடி நிறுவுவார்கள். கோளாறு அங்கே இல்லை. தமிழ் எழுத்துகள் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்பட்டிருக்கின்றன. விண்டோஸில் பைத்தான், வேறு எதுவும் சொல்லாவிட்டால், மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய அட்டவணையை வைத்துப் படிக்கப் பார்க்கிறது. கோப்பைத் திறக்கும் ‘ஓபன்’ கட்டளையில் ‘என்கோடிங்’ யூடிஎஃப்-8 என்று சேர்த்தால் தீர்ந்தது. எக்செல்லில் சேமிக்கும்போதும் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியில் சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், பிறகு மீட்க முடியாது. பைத்தான் 3.15 முதல் யூடிஎஃப்-8-ஐயே இயல்பாக்குவது என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை நாம்தான் சொல்ல வேண்டும்.

விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு, கோப்புறை முகவரியில் தமிழ் எழுத்து வரும். பைத்தான் அதைச் சரியாகவே கையாளும். ஆனால் உள்ளே இருக்கும் சி நூலகங்கள் சில தடுமாறும். வேலைக் கோப்புறை டிரைவில் நேராக, ஆங்கிலப் பெயரோடு இருந்தால் இந்தத் தொல்லையும் இல்லை.

கோண்டா வேண்டுமா?

பிப் ஒன்றே போதும் என்று சொல்லமாட்டேன். நிலவரைபடத் துறையில் ‘ஜிடால்’ போன்ற பெரிய நூலகங்கள் பைத்தானுக்கு வெளியிலும் பல கோப்புகளை எதிர்பார்க்கும். அங்கே 2012-இல் வந்த, அனகோண்டாவின் நிறுவும் கருவியான கோண்டா நன்றாக உதவும். பைத்தான் மாட்யூலோடு அதற்கு வேண்டிய சி, ஃபோர்ட்ரான் நூலகங்களையும் அது சேர்த்தே கொண்டுவரும். பைத்தானையே ஒரு மாட்யூல்போல நிறுவும். அனகோண்டாவின் சொந்தத் தொகுப்புகளுக்கு, 200 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் கட்டணம் செலுத்த வேண்டும் என்று 2020-இல் விதி வந்தது. அலுவலகக் கணினியில் போடுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். தன்னார்வலர்கள் நடத்தும் கோண்டா-ஃபோர்ஜ் களஞ்சியத்திலிருந்து எடுக்கும் ‘மினிஃபோர்ஜ்’ இருக்கிறது; அளவில் சிறியது, கட்டணம் இல்லை. ஒரு சூழலில் பிப், கோண்டா இரண்டையும் கலக்க வேண்டியிருந்தால் முதலில் கோண்டாவால் வருவதையெல்லாம் நிறுவிவிட்டு, கிடைக்காததை மட்டும் கடைசியில் பிப்பால் நிறுவுங்கள். மாறிமாறிப் போட்டால் ஒன்று வைத்ததை இன்னொன்று அறியாமல் மாற்றிவிடும்.

இணையம் இல்லாத ஆய்வகக் கணினிக்கும் வழி உண்டு. இணையம் உள்ள, அதே பைத்தான் பதிப்புள்ள இன்னொரு விண்டோஸ் கணினியில் ‘பிப் இன்ஸ்டால்’ என்பதற்குப் பதிலாக ‘பிப் டவுன்லோட்’ என்று கொடுங்கள். மாட்யூலும் அது சார்ந்திருக்கும் மற்றவையும் வீல் கோப்புகளாக வந்து சேரும். பென் டிரைவில் எடுத்துப்போய், ‘நோ இன்டெக்ஸ்’, ‘ஃபைண்ட் லிங்க்ஸ்’ என்ற இரண்டு விருப்பங்களோடு அந்தக் கோப்புறையைக் காட்டினால் அங்கிருந்தே நிறுவிக்கொள்ளும்.

எழுதி வையுங்கள்

எல்லாம் ஓடத் தொடங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சூழல் இயங்கும் நிலையில் ‘பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ்’ என்று தட்டுங்கள். ஏறியிருக்கும் எல்லா மாட்யூலும் பதிப்பு எண்ணோடு வரிசையாக வரும். அதை ‘ரிக்வயர்மென்ட்ஸ்’ என்ற பெயரில் உரைக்கோப்பாக ஸ்கிரிப்டின் பக்கத்தில் சேமியுங்கள். பைத்தானின் பதிப்பையும் அதன் முதல் வரியில், தொடக்கத்தில் # குறி போட்டு, குறிப்பாக எழுதுங்கள். வேறொரு கணினியில் புதுச் சூழல் உருவாக்கி ‘பிப் இன்ஸ்டால் -ஆர்’ என்று அந்தக் கோப்பைக் கொடுத்தால் அதே பதிப்புகள் அப்படியே வந்து இறங்கும்.

ஆய்வகத்தில் எந்த வேதிப்பொருள், என்ன தூய்மை, எந்தக் கருவி என்று குறிப்பேட்டில் எழுதாமல் யாரும் சோதனை செய்வதில்லை. கணக்குப் போடும் ஆய்வில் மாட்யூலும் அதன் பதிப்பும்தான் கருவி. நூறாண்டு மழையைக் கூட்டி, பருவமழை மாறியிருக்கிறது என்று நீங்கள் ஒரு முடிவை எழுதினால், அதை நம்புவதற்கு முன் வேறொருவர் அதே கணக்கைத் தன் கணினியில் போட்டுப் பார்க்க வேண்டும். அவரால் முடியாவிட்டால், உங்கள் முடிவு சரியாகவே இருந்தாலும் அது உங்கள் சொல்லாக மட்டும் நிற்கும். ஆகவே ஆய்வேட்டில் முறைகள் என்ற அத்தியாயத்தில் ஒரு பத்தியை இதற்கு ஒதுக்குங்கள்: பைத்தான் எந்தப் பதிப்பு, நம்பை எந்தப் பதிப்பு, தரவு எந்த நாளில் எடுத்தது. உங்களுக்கு அடுத்து வரும் மாணவர் அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம்.